துணி அட்டை கிளாசிக்குகள்: எதில் தொடங்கலாம்?

கற்பகம்78

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கில கிளாசிக் நாவல்களைத் துணி அட்டைப் பதிப்புகளாகச் சேர்க்கலாம் என்று ஆசை. பெங்குவின் வரிசையைத்தான் முதலில் பார்த்தேன். முதுகுப் பக்கம் வரிசையாக நிற்கும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. மாதம் ஒன்று வாங்கினால் கையைக் கடிக்காது.

மூன்று சந்தேகங்கள். அட்டையில் இருக்கும் படம் கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எவ்ரிமேன், ஃபோலியோ என்ற மற்ற பதிப்புகள் எல்லாம் இதைவிட மேலா? சென்னைப் புழுக்கத்தில் துணி அட்டை தாங்குமா? வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரம்.

ஏற்கெனவே வாசித்துப் பிடித்துப்போன நாவல்களை மட்டுமே வாங்குவதாக உத்தேசம்.

நெய்தல்

வாசித்ததைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அப்புறம் எதற்கு இன்னொரு பிரதி? அதே நாவல், அதே எழுத்து. பேப்பர்பேக் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் துணி அட்டை மோகமெல்லாம் இன்ஸ்டாகிராமில் அலமாரியைப் படம் பிடித்துப் போடுவதற்காக வந்தது. பதிப்பகங்களுக்கு அது தெரியும், அதனால்தான் முதுகில் அவ்வளவு வேலை செய்கிறார்கள்.

பழையபேப்பர்

நெய்தல் சொல்வதில் பாதி சரி. அட்டை அலங்காரம் விற்பனைக்காகத்தான். ஆனால் இன்ஸ்டாகிராமை இழுக்காதீர்கள், இந்த வியாபாரத்துக்கு இருநூறு வயது.

1820-க்கு முன்னால் லண்டனில் புத்தகம் வாங்கினால் சாதாரணக் காகிதம் ஒட்டிய தற்காலிக அட்டையோடு வரும். வசதி உள்ளவர் அதைத் தன் பைண்டரிடம் கொடுத்துத் தோல் அட்டை போட்டுக்கொள்வார். அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது வாங்கியவரின் விருப்பம், பதிப்பாளருக்கு அதில் பேச்சே இல்லை. தோல் விலை அதிகம். 1820-களில் வில்லியம் பிக்கரிங் என்ற பதிப்பாளர் தன்னுடைய சிறிய வடிவக் கிளாசிக் வரிசைக்குப் பருத்தித் துணியை அட்டையில் ஒட்டிப் பார்த்தார். துணி ஒட்டினால் பசை கசிந்து மேலே வந்துவிடும். ஆர்ச்சிபால்ட் லெய்ட்டன் என்ற பைண்டர் துணியில் கஞ்சி ஏற்றி, இழைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையை அடைத்து, சாயம் போட்டு அந்தச் சிக்கலைத் தீர்த்தார் என்பார்கள். 1832-இல் கவிஞர் பைரனின் தொகுப்புக்குப் பதிப்பாளர் ஜான் மர்ரி துணியின் மேலேயே தங்க எழுத்தைப் பதித்து வெளியிட்டார். அதற்குப் பிறகு தோல் பைண்டரின் பிழைப்பு இறங்குமுகம்தான்.

இதில் முக்கியமான விஷயம், பதிப்பாளரே மொத்தப் பிரதிகளுக்கும் ஒரே மாதிரி அட்டை போடத் தொடங்கியதும் அட்டை விளம்பரப் பலகை ஆகிவிட்டது. கடை ஜன்னலில் எது கண்ணில் படுகிறதோ அது விற்கும். அதனால் ஓவியர்களைக் கூப்பிட்டு அட்டை வரையச் சொன்னார்கள். லெய்ட்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் லெய்ட்டன் வரைந்த அட்டைகளில் JL என்ற இரண்டு எழுத்து எங்காவது பூவுக்குள்ளோ கொடிக்குள்ளோ ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்கரெட் ஆம்ஸ்ட்ராங், சாரா வைமன் விட்மன் இருவரின் அட்டைகளையும் உள்ளே என்ன கதை என்றுகூடப் பார்க்காமல் சேர்ப்பார்கள்.

உச்சம் 1890-கள். ஜார்ஜ் ஆலன் 1894-இல் வெளியிட்ட ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' பார்த்திருப்பீர்கள். அடர் பச்சைத் துணியில் தங்கத் தோகை விரித்த மயில், ஹ்யூ தாம்சனின் கைவண்ணம். உள்ளே படங்களும் அவருடையவையே. முன்னுரை ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி. அந்த மயில் இல்லாமல் இன்று ஆஸ்டின் பொருட்கடையே கிடையாது, கோப்பை முதல் தலையணை உறை வரை.

அப்புறம் மேலுறை வந்தது. முதலில் தூசி படாமல் இருக்கச் சுற்றிய வெறும் காகிதம். 1920-கள் வாக்கில் படமெல்லாம் மேலுறைக்குக் குடிபெயர்ந்துவிட, அடியில் இருந்த துணி மொட்டையாகிவிட்டது. நாம் பார்த்து வளர்ந்த ஒற்றை நிற நூலகப் புத்தகங்கள் அந்தக் காலத்தின் மிச்சம். பெங்குவின்காரர்கள் 2008-இல் செய்தது மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படத்தைத் திரும்பத் துணிக்குக் கொண்டுவந்ததுதான்.

கற்பகம் மேடம், ஆசைப்பட்டதை வாங்குங்கள். ஆனால் முதலில் இரண்டு புத்தகம் வாங்கி, கையில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு மூன்றாவதுக்குப் போங்கள். வரிசை முழுவதையும் வாங்கியே தீருவது என்று இறங்கினால் பிடிக்காத நாவலுக்கும் பணம் போகும்.

லண்டன்குளிர்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2008 கிறிஸ்துமஸுக்கு இங்கே உள்ள வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளுக்கென்று பத்துத் தலைப்புகள்தான் முதலில் வந்தன. வடிவமைத்தவர் கொரலீ பிக்ஃபோர்ட்-ஸ்மித். ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துருவியல் படித்தவர். பிற்காலத்தில் தானே எழுதி வரைந்த ஒரு நரிக் கதைப் புத்தகம் 2015-இல் வாட்டர்ஸ்டோன்ஸின் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தெரிவானது.

அவருடைய அட்டைகளில் எனக்குப் பிடித்தது, நாவலில் இருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து அதையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு போவது. டோரியன் கிரேக்கு மயிலிறகு. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'க்குச் சரவிளக்கு. மிஸ் ஹாவிஷாமின் இருண்ட வீட்டை வாசித்தவர்களுக்கு உடனே விளங்கும். ஆலிஸுக்கு ஃபிளமிங்கோ. டிராகுலாவுக்குப் பூண்டுப் பூ. ஹார்டியின் டெஸ்ஸுக்கு ஸ்ட்ராபெரி: அவளைச் சீரழிக்கப்போகும் அலெக் அவளுக்கு ஊட்டிவிடுகிற அந்த இடம். பார்க்க வடிவான பழம், கதை தெரிந்தவனுக்கு வயிற்றைப் பிசையும்.

துணியில் நிறப் படலம் (ஃபாயில்) பதிக்கும்போது புகைப்படம்போல நுணுக்கமாக எதுவும் செய்ய முடியாது. தட்டையான வடிவம், ஒன்றிரண்டு நிறம், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றதால்தான் இத்தனை புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒரு குடும்பமாகத் தெரிகின்றன. மற்றப் பதிப்பகங்கள் பார்த்துச் செய்தவற்றில் கன இடத்தில் இந்த அடக்கம் இல்லை. பொன்னிறத்தை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள்.

நெய்தல், ஏற்கெனவே வாசித்தவர்களுக்குத்தான் இந்த அட்டை பேசும் என்பதால் கற்பகம் அக்காவின் திட்டம் சரியானதே.

நெய்தல்

ஸ்ட்ராபெரி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, அது ஒரு புள்ளி உங்களுக்கு.

தையல்கட்டு

பைண்டிங் பட்டறைக் குடும்பம் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படலம் உதிருமா? உதிரும். பெங்குவின் வரிசையில் பெரும்பாலும் பளபளப்பில்லாத நிறப் படலம். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் அடியில் நிறப்பூச்சு, அதற்கும் அடியில் சூட்டில் இளகும் பசை. சூடான உலோக அச்சை வைத்து அழுத்தினால் நாடா பிரிந்துகொள்ள, நிறம் துணியில் ஒட்டிக்கொள்ளும். துணி என்பது மேடும் பள்ளமும். நிறம் மேடான இழைகளின் தலையில்தான் நன்றாகப் பிடிக்கும். கட்டைவிரல் எங்கே படுகிறதோ அங்கே வியர்வையும் உரசலும் சேர்ந்து முதலில் அந்தத் தலைகளைத் தேய்க்கும். அட்டையின் ஓரமும் முதுகின் மடிப்பும் முதலில் போகும். வெளிர் துணியில் அடர் நிறப் படலம் என்றால் தேய்ந்தது பளிச்சென்று தெரியும்.

விக்டோரியா காலத்துத் தங்கம் இன்னும் மின்னுவதற்குக் காரணம் வேறு. அசல் தங்க ரேக்கு. முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவி, மேலே ரேக்கை வைத்து, கையால் செதுக்கிய பித்தளை அச்சைச் சூடாக்கி ஆழமாக அழுத்துவார்கள். துணியின் மட்டத்துக்குக் கீழே தங்கம் உட்கார்ந்துவிடும். அலமாரியிலிருந்து இழுக்கும்போது பக்கத்துப் புத்தகத்தோடு உரசுவது துணிதான், தங்கம் இல்லை.

என் யோசனை: வாசிக்கும்போது மட்டும் சாதாரண வெள்ளைக் காகிதத்தில் ஒரு தற்காலிக உறை போட்டுக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கழற்றிவிடலாம். பள்ளிப் புத்தகத்துக்குப் போட்ட பழக்கம் எல்லோருக்கும் கையில் இருக்கிறது.

படலத்தைவிட நான் கவலைப்படுவது தையலுக்கு. துணி அட்டை போட்டிருக்கிறார்கள் என்பதால் உள்ளே தைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். புத்தகத்தை நிறுத்திவைத்து உச்சியிலிருந்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். பக்கங்கள் சின்னச் சின்னக் கொத்துகளாக, ஒவ்வொன்றும் வளைந்து மடிந்து தெரிந்தால் ஃபாரம் ஃபாரமாக, அதாவது அச்சுத் தாள் தாளாக மடித்தது. கொத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தெரிய வேண்டும். முதுகு முழுக்க ஒரே சமமாக வெட்டின மாதிரி இருந்தால் வெறும் பசைக் கட்டு. பேப்பர்பேக்குக்குப் பட்டுச்சட்டை போட்ட கதை. முதுகின் உச்சியில் ஒட்டியிருக்கும் வண்ண நாடாவை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் கையால் பின்னியது, இன்று மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்டுவது. பசைக் கட்டிலும் அதை ஒட்டிவைப்பார்கள்.

இன்னொன்று, துணி நெசவு மாதிரி அச்சடித்த காகிதத்தை ஒட்டி 'துணி போன்ற' என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கிறார்கள். விலை குறைவு, தப்பில்லை. ஆனால் நகத்தால் லேசாக வருடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கினால் நகத்துக்கு எங்கே போவது? அட்டையின் மூலையைப் பெரிதாக எடுத்த படம் கேளுங்கள். இழை மூலையில் மடிந்து உள்ளே போவது தெரிய வேண்டும்.

கற்பகம்78

தம்பி, இது போதும் எனக்கு. வீட்டில் இருக்கும் 'பரிசுப் பதிப்பு' ஒன்றை இப்போதே எடுத்து உச்சியிலிருந்து பார்த்தேன். ஒரே சமமாக வெட்டியிருக்கிறது. பட்டுச்சட்டைதான்!

எவ்ரிமேன் பற்றி யாராவது?

பழையபேப்பர்

எவ்ரிமேன் என்றால் இரண்டு. பழையது 1906-இல் ஜே. எம். டென்ட் தொடங்கியது. தொகுப்பாசிரியர் எர்னஸ்ட் ரைஸ். ஒரு பிரதி ஒரு ஷில்லிங், சட்டைப்பைக்கு ஏற்ற அளவு, முதுகில் ரெஜினால்ட் நோல்ஸ் வரைந்த தங்கக் கொடி. உள்பக்கத் தாளைத் திறந்தால் முழுக்கப் பூவேலை. ஆயிரம் தலைப்பு என்று கனவு கண்டார் டென்ட். அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து 1956-இல்தான் எட்டினார்கள். 1935-இல் எரிக் ராவிலியஸ் வடிவத்தை மாற்றினார், கொடி போய்விட்டது. கல்லூரி நூலகங்கள் கழித்துக்கட்டிய பழைய எவ்ரிமேன்கள் நம் ஊர் நடைபாதைக் கடைகளில் இன்றும் கண்ணில் படும். முதுகுத் தங்கம் பெரும்பாலும் மங்கியிருக்கும். இருந்தாலும் குறைந்த செலவில் அசல் அலங்காரத் துணி அட்டையைக் கையில் பிடிக்க வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி இல்லை.

புதியது 1991-இல் மறுபடி தொடங்கியது. துணி அட்டை, தையல், அமிலம் இல்லாத தாள், அடையாள நாடா. மேலுறை போட்டு வரும், துணியில் படம் கிடையாது. பார்ப்பதற்குப் பெங்குவின் அளவு கவர்ச்சி இல்லை. ஆனால் மடியில் வைத்தால் தானாக விரிந்து நிற்கும். ஒரு நாவலை மூன்றாம் முறை, நான்காம் முறை வாசிப்பேன் என்றால் என் பணம் இதற்குத்தான்.

ஃபோலியோ சொசைட்டி 1947-இல் சார்ல்ஸ் ஈட் தொடங்கியது. பெட்டி உறை, புதிதாக வரைந்த ஓவியங்கள், நல்ல தாள். புதிதாக வாங்கினால் தபால் செலவோடு சேர்த்து மயக்கம் வரும். பழைய பிரதிகள் இங்கிலாந்தில் மலிவு. லண்டன்காரர் சொல்லட்டும்.

லண்டன்குளிர்

மலிவுதான். இங்கே தொண்டுக் கடைகளின் புத்தக அலமாரியில் அறுபதுகள், எழுபதுகளின் ஃபோலியோக்கள் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் உறுப்பினராகச் சேர்ந்து ஆண்டுக்கு இத்தனை புத்தகம் எடுப்பது வழக்கம், அதனால் நிறைய அச்சிட்டார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போவேன். எடைதான் பிரச்சினை. அம்மா கேட்ட சாமானை எடுத்துவிட்டு ஷார்லட் பிராண்டேயின் நாவலை வைத்ததற்கு இன்னும் ஏச்சு வாங்குகிறேன்.

நெய்தல்

எல்லோரும் அட்டை, தையல், தங்கம் என்கிறீர்கள். உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே? ஆஸ்டின், டிக்கன்ஸ் என்றால் சரி. தஸ்தயேவ்ஸ்கியையும் ஹ்யூகோவையும் இந்த வரிசைகளில் வாங்கும்போது யாருடைய மொழிபெயர்ப்பு என்று அட்டையில் போடுகிறார்களா?

பழையபேப்பர்

நல்ல கேள்வி, நானே வர இருந்தேன்.

அலங்காரப் பதிப்புகளில் பெரிய கண்ணி இதுதான். காப்புரிமை முடிந்த நூறாண்டுப் பழைய மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசை அட்டையில் போட்டுவிடலாம். டூமாவின் 'மான்டே கிறிஸ்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மிகப் பரவலாகச் சுற்றுவது 1846-இல் சாப்மன் அண்ட் ஹால் வெளியிட்ட, பெயர் போடாத மொழிபெயர்ப்பு. விக்டோரியா காலத்துக்கு ஒவ்வாத இடங்களைப் பூசி மெழுகியிருப்பார்கள். பேரம் பேசாமல் வாங்கும் பளபளப்புப் பதிப்புகள் பலவற்றில் இதுதான் உள்ளே. பெங்குவினில் வரும் ராபின் பஸ்ஸின் 1996 மொழிபெயர்ப்பு அந்த இடங்களை மறைக்காமல் தருகிறது.

அதற்காகப் பெங்குவின் என்றாலே கண்ணை மூடி வாங்கலாம் என்றும் இல்லை. ஹ்யூகோவின் 'லே மிசராப்ளே' துணி அட்டையில் வந்தபோது உள்ளே இருந்தது நார்மன் டென்னியின் மொழிபெயர்ப்பு. வாசிக்கச் சுகமான ஆங்கிலம். ஆனால் டென்னி ஹ்யூகோவின் நீட்டலைக் கொஞ்சம் ஒட்ட நறுக்கினார். கன்னிமாடங்களைப் பற்றிய பகுதியையும் திருடர் வழக்குமொழி பற்றிய பகுதியையும் கதையிலிருந்து எடுத்துக் கடைசியில் பின்னிணைப்பாக வைத்துவிட்டார். ஹ்யூகோ அப்படி எழுதவில்லை. கதை ஓட்டம் மட்டும் போதும் என்பவருக்கு அது உதவி. ஹ்யூகோவின் அலைச்சலையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் என்பவர் வேறு பதிப்பைத் தேட வேண்டும். அதே டென்னி மொழிபெயர்ப்பு முதலில் 1976-இல் ஃபோலியோவில்தான் வந்தது என்பது கூடுதல் தகவல்.

ஆகவே மொழிபெயர்ப்பு நாவல் என்றால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்குமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நெய்தல்

இதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டாவது புள்ளி எனக்கு.

சிவப்புமை

குறுக்கே வருகிறேன். பழைய பச்சைத் துணி அட்டைகளில் விஷம் இருக்கிறது என்று செய்தி வந்ததே, அது வதந்தியா? என்னிடம் தாத்தா காலத்துப் பச்சை அட்டைப் புத்தகங்கள் நான்கைந்து இருக்கின்றன. பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

பழையபேப்பர்

வதந்தி இல்லை. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் விண்டர்தூர் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 2019-இல் பழைய பச்சை அட்டை ஒன்றை ஆராய்ந்தபோது நிறத்தில் ஆர்செனிக் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எமரால்டு பச்சை என்று ஒரு நிறமி; செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்தது. விக்டோரியா காலத்தில் சுவர்த்தாளிலும் துணிப்பூவிலும் போட்டதையே அட்டைத் துணியின் கஞ்சியிலும் கலந்திருக்கிறார்கள். அந்த நிறமி உதிரும், கையில் ஒட்டும். 2024-இல் பிரான்ஸ் தேசிய நூலகம் சந்தேகத்துக்குரிய சில புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தது.

பயப்படும் முன் ஆண்டைப் பாருங்கள். இந்த நிறம் அதிகம் புழங்கியது 1840-களிலிருந்து 1860-கள் வரை அச்சான ஆங்கில, அமெரிக்கப் புத்தகங்களில். அதுவும் கண்ணைப் பறிக்கும் பளீர்ப் பச்சை. முதுகு வெயில் பட்டுப் பழுப்பாகியிருக்கும், முன்னட்டை அப்படியே பளிச்சென்று இருக்கும். உங்கள் தாத்தா காலம் என்றால் 1900-க்குப் பிந்தையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் மேலே சொன்ன 1894 மயில் பதிப்பின் அடர் பச்சையும் வேறு. கண்ணால் பார்த்து மட்டும் உறுதி செய்ய முடியாது, அதற்கு எக்ஸ்ரே கருவிச் சோதனை வேண்டும். ஆண்டு அந்தக் காலகட்டத்துக்குள் விழுந்தால் ஜிப் வைத்த பாலிதீன் உறையில் போட்டு மேலே எழுதிவையுங்கள். கையுறை போட்டு எடுங்கள், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடம்.

சிவப்புமை

பார்த்துவிட்டேன். எல்லாம் 1908, 1911, 1924. ப்ளாக்கி அண்ட் சன் என்று போட்டிருக்கிறது. ஒன்றில் பள்ளியில் பரிசாகக் கொடுத்த சீட்டு ஒட்டியிருக்கிறது. தாத்தா எதில் முதலாவது வந்தாரோ, சீட்டில் எழுத்து அழிந்துவிட்டது.

லண்டன்குளிர்

1908 ப்ளாக்கியா? அட்டைப் படத்தைப் போடுங்கள், தயவுசெய்து! ப்ளாக்கி கிளாஸ்கோ நிறுவனம். 1893-இலிருந்து அவர்களுடைய கலை இயக்குநர் டால்வின் மோரிஸ். நீளமான கோடு, இதயம் மாதிரி ஒரு இலை, வளைந்த தண்டு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பரிசுப் புத்தகம் என்று மொத்தமாக அச்சிட்ட மலிவுப் பதிப்புகளுக்கு அவ்வளவு நேர்த்தி. ப்ளாக்கி குடும்பத்துக்கு ஹில் ஹவுஸ் என்ற வீட்டை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மாக்கின்டாஷை அவர்களுக்குப் பரிந்துரைத்ததே மோரிஸ்தான்.

சிவப்புமை

நீளமான கோடு இருக்கிறது. இலை மாதிரியும் இருக்கிறது. நாளைக்கு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

கற்பகம்78

புழுக்கத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தையல்கட்டு

மன்னிக்கவும் அக்கா, பேச்சு எங்கோ போய்விட்டது.

துணியில் ஏற்றிய கஞ்சி பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடு. ராமபாணப் பூச்சி துணியை மேலாக்கக் கரம்பும். அட்டையில் ஒழுங்கில்லாத வெளிர் திட்டு தெரிந்தால் அதன் வேலை. இன்றைய துணிகள் பலவற்றில் காகிதத்தைப் பின்னால் ஒட்டியோ மேலே அக்ரிலிக் பூசியோ வருவதால் பழையதைவிடத் தாங்கும். பூசாத வெறும் நெசவு என்றால் ஈரக் கை பட்டாலே கறை.

கடற்கரைப் பக்கம் என்கிறீர்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். உள்சுவராக இருந்தாலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை இறுக்கிச் செருக வேண்டாம். காற்றும் போகாது, உருவும்போது படலமும் தேயும். உருவும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காமல், இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே தள்ளிவிட்டு நடுவயிற்றைப் பிடித்து எடுங்கள். கண்ணாடிக் கதவு போட்டால் தூசி வராது, ஆனால் வாரம் ஒருமுறை திறந்துவைக்க வேண்டும். நேர் வெயில் படவே கூடாது. சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளிறும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் போட்டு ஒட்டுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டால் மாதாமாதம் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் மணல். பூச்சிக்கு எங்கள் பட்டறையில் வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்போம். புத்தகத்தின் மேல் படாமல் வையுங்கள். அதைவிடப் பலன் தருவது, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டிப் புரட்டுவது.

மணிப்புறா

இவ்வளவு பேசுகிறோம், தமிழ் கிளாசிக்குகளுக்கு இப்படி ஒரு வரிசை ஏன் இல்லை? புதுமைப்பித்தனுக்கு ஒரு துணி அட்டை வராதா?

தையல்கட்டு

கணக்கு உதைக்கும். நம் ஊரில் நாவல் சில நூறு பிரதிதான் ஒரு தடவைக்கு அச்சாகிறது. துணி அட்டைக்கு உலோக அச்சு செய்ய வேண்டும், நல்ல துணி வாங்க வேண்டும், அட்டை கட்டுவது பாதிக்கு மேல் கைவேலை. பல ஆயிரம் பிரதிக்குப் பரவ வேண்டிய செலவு சில நூறின் தலையில் விழும். அதனால்தான் சிறப்புப் பதிப்பு என்றால் முன்வெளியீட்டுத் திட்டம் போட்டுப் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு அடிக்கிறார்கள்.

ஆனால் காலிகோ என்கிற பருத்தித் துணிக் கட்டு நமக்குப் புதிதில்லை. பழைய தமிழ்ப் பதிப்புகளில் காலிகோ அட்டையும் முதுகில் தங்க எழுத்தும் சகஜம். படம் மட்டும் துணியில் ஏறவில்லை.

பழையபேப்பர்

அதோடு, வீட்டுக்கு வீடு தொடர்கதையைக் கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருந்தார்களே. 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை, மணியம் ஓவியங்களோடு சேர்த்துக் கட்டிய தொகுதிகளுக்கு இன்று எந்த விலையும் கொடுக்க ஆள் உண்டு. ஒவ்வொரு வீட்டுப் பிரதியும் வேறு வேறு துணி, வேறு வேறு கைத்தையல். சேர்ப்பவன் என்ற முறையில் கேட்டால் பெங்குவின் முழு வரிசையைக் கொடுத்து அந்த ஒரு செட்டை வாங்கிக்கொள்வேன்.

நெய்தல்

அதற்கு நானே போட்டிக்கு வருவேன்.

கற்பகம்78

முடிவு செய்துவிட்டேன். 'டெஸ்' பெங்குவினில், 'மிடில்மார்ச்' எவ்ரிமேனில். மற்றது அப்புறம்.

ஒரே ஒரு கேள்வி. இணையத்தில் ஒருவர் 'ஒரிஜினல் மயில் பதிப்பு, ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ், 1890-கள்' என்று ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். முன்னட்டையில் தங்க மயில் இருக்கிறது, துணி பச்சைதான். அவ்வளவு மலிவாகக் கிடைக்குமா?

பழையபேப்பர்

கிடைக்காது. 1894 ஆலன் பதிப்பு நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும். அவர் பொய் சொல்கிறார் என்றும் அவசரப்பட வேண்டாம். மயில் இரண்டு உண்டு. 1895-இல் மாக்மில்லன் அதே நாவலைச் சார்ல்ஸ் பிராக்கின் படங்களோடும் ஆஸ்டின் டாப்சனின் முன்னுரையோடும் வெளியிட்டது. அந்த வரிசைக்கு டர்பேன் என்ற ஓவியர் வரைந்த வேறொரு மயில் அட்டை உண்டு. இரண்டையும் 'மயில் பதிப்பு' என்றே விற்கிறார்கள். தலைப்புப் பக்கத்தைக் கேளுங்கள்.

கற்பகம்78

படம் அனுப்பிவிட்டார். லண்டன், மாக்மில்லன். படங்கள் சார்ல்ஸ் இ. பிராக்.

பழையபேப்பர்

அப்படியானால் அவர் சொன்ன '1890-கள்' பொய்யில்லை, 'ஒரிஜினல்'தான் கொஞ்சம் கூடுதல். பின்பக்கத்தில் மறு அச்சு ஆண்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிந்தைய அச்சு என்றால் இன்னும் குறையும். பக்கங்களில் பழுப்புப் புள்ளி, முதுகுத் தையல் தளர்வு இரண்டையும் கேளுங்கள். எல்லாம் சரியென்றால் ஆறில் ஆரம்பித்து ஏழுக்குள் முடியுங்கள்.

நெய்தல்

அவர் ஏழுக்கு இறங்கவில்லை என்றால் எனக்கு லிங்க் அனுப்புங்கள் மேடம்.